அங்கோருக்குப் புறப்படும் அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

பாடல் பெற்ற தலங்களில் பாதிக்குமேல் பார்த்துவிட்டவர் நீங்கள். இப்போது கம்போடியா. பயண ஏஜென்சி தந்த திட்டத்தில் முதல் நாள் விடியற்காலை அங்கோர் வாட், மத்தியானம் பயோன், தா புரோம், சாயங்காலம் பாக்கெங் குன்றில் சூரிய அஸ்தமனம் என்று போட்டிருக்கும். அந்தத் தாளை மடித்து ஓரமாக வையுங்கள். எல்லாவற்றிலும் பெரியதை முதல் நாளே பார்த்துவிட்டால், அடுத்த இரண்டு நாள் பார்க்கும் செங்கல் கோயில்கள் வெறும் கல்குவியலாகத் தெரியும். கட்டிய வரிசையிலேயே, பழையதிலிருந்து போங்கள். அங்கோர் வாட் கடைசி நாளுக்கு இருக்கட்டும்.

முதலில் நுழைவுச்சீட்டு. ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டையே எடுங்கள். அடுத்தடுத்த நாள் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, 10 நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். முழங்கால் வலித்தால் நடுவில் ஒரு நாள் படுத்துக்கொள்ளலாம். கோயில் வாசலில் சீட்டு கிடைக்காது. அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் இருக்கும் சீட்டு அலுவலகத்தில் படம் பிடித்து அச்சடித்துத் தருவார்கள், இணையத்திலும் வாங்கலாம். சாயங்காலம் 5 மணிக்குமேல் வாங்கினால் அது மறுநாள் கணக்கு. ஆனாலும் அன்றைக்கே உள்ளே போய் அந்தி வெளிச்சத்தில் ஒரு கோயிலைப் பார்த்துவிடலாம். சீட்டைத் தொலைத்தால் மறுபடி முழுக் காசு. டாலர் நோட்டில் சின்னக் கிழிசல் இருந்தாலும் வாங்கமாட்டார்கள், இங்கிருந்தே நல்ல நோட்டாகப் பார்த்து மாற்றிக்கொண்டு போங்கள். மிச்சத்தை ரியெல்லில் தருவார்கள், சுமார் 4000 ரியெல் ஒரு டாலர்.

முதல் நாள் ரொலுவோஸ். ஊருக்குக் கிழக்கே 13 கிலோமீட்டர். பிரியா கோ 879-ஆம் ஆண்டுக் கோயில். ஆறு செங்கல் கோபுரங்கள், எதிரே கோயிலைப் பார்த்தபடி மூன்று நந்திகள். கோயிலுக்கு அந்தப் பெயரே நந்தியால் வந்ததுதான். செங்கல்லின்மேல் பூசிய சுதை இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, கிட்டே போய்ப் பாருங்கள். பக்கத்திலேயே பாகோங், 881. ஐந்து அடுக்காக உயரும் கல்மலை. கோயிலையே மேருவாகக் கட்டும் எண்ணம் இங்கே உருவாகி, இருநூற்றைம்பது வருஷம் கழித்து அங்கோர் வாட்டில் போய் நிற்கிறது. மூன்று மணி நேரம் தாராளம். கூட்டமே இருக்காது.

இரண்டாம் நாள் காலை பாந்தியாய் ஸ்ரீ. இதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஊரிலிருந்து 35 கிலோமீட்டர், ஆட்டோ மாதிரியான ரெமோர்க்கில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். தூசி பறக்கும், கார் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் கிழக்கு பார்த்தது, காலை வெயில் முகப்பில் நேராக விழும்போது அந்த இளஞ்சிவப்பு மணற்கல்லைப் பார்க்கவேண்டும். பத்து மணிக்குமேல் பேருந்துகள் வந்துவிடும், 8 மணிக்குள் உள்ளே இருங்கள்.

967-இல் எழுந்த கோயில் இது. கட்டியது மன்னன் இல்லை, யக்ஞவராகன் என்ற ராஜகுரு. அதனால்தானோ என்னவோ உருவில் சின்னது, கருவறை வாசலில் குனிந்துதான் நுழையவேண்டும். (இப்போது அங்கே கயிறு கட்டியிருக்கிறார்கள், வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி.) உள் மதிலின் கிழக்கு வாசலுக்கு மேலே முக்கோண முகப்பில் பல கைகளோடு சிவன் ஆடுகிறார். எல்லோரும் அவரைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் அவர் காலடி ஓரத்தைப் பாருங்கள். விலா எலும்பு துருத்தி, மார்பு வற்றி, ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். காரைக்கால் அம்மையார் என்றுதான் ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். திருவாலங்காட்டில் ஆடுபவன் அடியில் இருந்தவள், பத்தாம் நூற்றாண்டிலேயே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். சிற்பம் தலைக்குமேல் உயரத்தில் இருக்கிறது, உருவமோ சின்னது. ஒரு சின்ன பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள்.

உள்ளே தெற்கு நூலகம் என்று சொல்லப்படும் சின்னக் கட்டடத்தின் கிழக்கு முகப்பில் இராவணன் கயிலையை அசைக்கிறான். சம்பந்தர் பதிகந்தோறும் எட்டாம் பாட்டில் வரும் அதே காட்சி. கயிலை படிப்படியாக இருக்கும், உமை பயந்து சிவனை ஒட்டிக்கொள்வாள், விலங்குகள் ஓடும். அதே கட்டடத்தின் மேற்கு முகப்பில் மன்மதன் அம்பு விடுகிறான். இந்தக் கோயிலின் தேவதைச் சிற்பங்களைத்தான் 1923-இல் ஆந்த்ரே மால்ரோ என்ற பிரெஞ்சுக்காரர் பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்து, புனோம் பென்னில் பிடிபட்டார். பின்னாளில் அவரே பிரான்ஸின் பண்பாட்டு அமைச்சரும் ஆனார்.

திரும்பும் வழியில் பிரே ரூப், 961. படிகள் செங்குத்து, ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். ஏறாவிட்டாலும் ஒன்றும் குறையில்லை. தா புரோமில் மரவேர்கள் கோபுரத்தைக் கட்டிப் பிடித்திருக்கும் படம் உலகப் பிரசித்தம். ஆனால் அது பௌத்தக் கோயில், கூட்டமோ திருவிழாக் கூட்டம். நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை செய்திருக்கிறது என்ற பெருமைக்காக வேண்டுமானால் ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

மூன்றாம் நாள் அங்கோர் வாட். மற்றக் கோயில்களில் பெரும்பாலானவை 7.30-க்கு என்றால் இது 5 மணிக்கே திறந்துவிடும். சூரிய உதயத்துக்கு எல்லோரும் இடப்பக்கக் குளக்கரையில் முண்டியடிப்பார்கள். உதயம் முடிந்ததும் முக்கால்வாசிப் பேர் காலைச் சாப்பாட்டுக்கு விடுதிக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த இரண்டு மணி நேரம்தான் உங்களுடையது. கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள், பசியோடு நடக்க முடியாது.

இங்கேதான் நம்மவர்கள் எல்லோரும் தவறுவது. கோயில் என்றதும் கால் தானாக வலம் வரக் கிளம்பிவிடும். இங்கே அப்படிப் போனால் சுவரில் உள்ள கதை பின்பக்கமாக ஓடும். மேற்கு வாசலில் நுழைந்து சிற்பச் சுற்றாலைக்கு வந்ததும் வலக்கைப் பக்கம், அதாவது தெற்கே திரும்புங்கள். நடக்கும்போது சுவர் உங்கள் இடக்கைப் பக்கம் இருந்தால் சரியாகப் போகிறீர்கள். பித்ரு காரியத்தில் பூணூலை இடம் மாற்றிப் போடுவதுபோல, இது இறந்தவருக்கான சுற்று. கட்டிய இரண்டாம் சூர்யவர்மனின் நினைவாலயமும் இதுவே என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் குருக்ஷேத்திரம், கிட்டத்தட்ட 49 மீட்டர். அம்புப் படுக்கையில் பீஷ்மரைத் தேடுங்கள், தேரோட்டும் கிருஷ்ணருக்கு நான்கு கை. தெற்குச் சுற்றில் மன்னனின் படை ஊர்வலம். பக்கத்தில் பரமவிஷ்ணுலோகன் என்று அவனுடைய இறப்புக்குப் பிந்தைய பெயர் வெட்டியிருக்கிறது. அடுத்து யமன், சித்ரகுப்தன், 37 சொர்க்கம், 32 நரகம். நரகங்களின் பெயர்களையும் எழுதிவைத்திருக்கிறார்கள். கிழக்குச் சுற்றில் பாற்கடல். முதலில் அசுரர்கள், நடுவில் திருமால், பிறகு தேவர்கள். காலை வெயில் சாய்ந்து விழும் நேரம் இதற்குத்தான் பொருத்தம். அதற்குப் பிறகு வரும் வடகிழக்குச் சுவர்கள் பதினாறாம் நூற்றாண்டில் செதுக்கியவை, கைத்திறன் குறைவு. நின்று பார்க்காமல் நடந்துவிடுங்கள். கடைசியில் வடமேற்கில் இலங்கைப் போர். அனுமன் தோள்மேல் இராமர் நிற்பார், பின்னால் இலக்குவனும் விபீடணனும்.

சுற்றாலை ஏன் இவ்வளவு குறுகல் என்று தோன்றும். கல்லின்மேல் கல்லைச் சற்றே உள்தள்ளி அடுக்கி மேலே சேர்த்த கூரை இது, உண்மையான வளைவு இல்லை. அதனால் அகலமாகக் கட்ட முடியாது, ஒரு கல் நழுவினால் வரிசையே சரியும். அங்கங்கே கயிறு கட்டியிருப்பது அதற்காகத்தான்.

மேல்தளத்துக்குப் பாகான் என்று பெயர். தோளும் முழங்காலும் மறைந்திருக்கவேண்டும், துப்பட்டாவைப் போர்த்திச் சமாளிக்க முடியாது. தொப்பியும் கூடாது. புடவை படியில் தடுக்கும், கை வைத்த சுடிதார் நல்லது. கைப்பிடியோடு மரப்படி போட்டிருக்கிறார்கள். ஒரே நேரத்தில் 100 பேர்தான், ஆகையால் திறந்ததும் போய்விடுங்கள். பௌத்தர்களின் விரத நாட்களில் பாகானை மூடிவிடுவார்கள். அவை பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அஷ்டமிகள். உங்கள் வீட்டுப் பஞ்சாங்கமே சொல்லிவிடும், அவர்கள் கணக்கில் ஒரு நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான்.

கோயிலுக்குள் செருப்பைக் கழற்றச் சொல்லமாட்டார்கள். பழக்கத்தில் கழற்றிவிட்டால் ஒன்பது மணிக்குமேல் கல் சுடும். ஆனால் மேற்கு வாசல் கோபுரத்தின் தென்பக்கத்தில் எட்டுக் கையோடு ஒரு பெருமாள் நிற்கிறார். அந்த ஊர்க்காரர்கள் தா ரீச் என்கிறார்கள், இன்றும் துணி சார்த்தி ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். அங்கே நின்று கும்பிட்டுக்கொள்ளலாம்.

மிச்ச நேரமிருந்தால் பாபுவோன், பதினொன்றாம் நூற்றாண்டுச் சிவன் கோயில். பழுது பார்க்கப் பிரித்துப்போட்ட சுமார் 3 லட்சம் கற்கள், போரில் வரைபடம் அழிந்துபோனதால், எது எங்கே என்று தெரியாமல் காட்டில் கிடந்தன. 1995-இல் தொடங்கி 2011 வரை ஒவ்வொரு கல்லாகப் பொருத்திப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் சூர்யவர்மன் தமிழன் என்று வருவதை வழிகாட்டியிடம் சொல்லி மனம் புண்படுத்தாதீர்கள். அவன் கம்போடியாவின் கெமர் இனத்து மன்னன். உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் சிதம்பரத்தில் 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. காம்போஜ (அதாவது கம்போடிய) அரசன் குலோத்துங்க சோழனுக்குக் காட்டிய ஓர் அதிசயக் கல்லைப் பற்றிப் பேசுகிறது. சூர்யவர்மன் பட்டமேறியது அதற்கு முந்தின வருஷம், 1113. அந்த அரசன் இவனாகவே இருக்கலாம்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு, புளிக்கவைத்த மீன் விழுதான பிரஹோக் இரண்டும் குழம்பில் கலந்திருக்கும். சியம் ரீப்பில் இந்திய உணவகங்கள் உண்டு, கோயில் பக்கம் இளநீரும் பழமும் கிடைக்கும். பழத்தைப் பிளாஸ்டிக் பையில் ஆட்டிக்கொண்டு நடந்தால் குரங்கு பிடுங்கும்.

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். ஏப்ரல் வெயில் நமக்கே தாங்காது, மழைக்காலத்தில் பாசிக் கல் வழுக்கும். விமானம் பதிவு செய்ததும் தேதியைச் சொல்லுங்கள் அத்தை, மூன்றாம் நாள் அஷ்டமியில் விழுகிறதா என்று பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்