'மற்றும் ஒருவர்' யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உலக சினிமா பகுதியில் இயக்குநர் டேவிட் லீனின் ஆரம்பகாலப் படங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'பிளைத் ஸ்பிரிட்' என்ற பேய் நகைச்சுவைப் படத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அந்தப் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம்: "மேடை நாடகத்தை அப்படியே படம் பிடித்திருக்கிறார்கள், நடுவில் ஒரு பருத்த கிழவி வந்து கூத்தடிக்கிறார்."

அந்தப் பருத்த கிழவிக்கு மார்கரெட் ரூதர்ஃபோர்ட் என்று ஒரு பெயர் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் பக்கத்தில் போட்டிருந்த புகைப்படத்தின் கீழே "ரெக்ஸ் ஹாரிசன், கே ஹாமண்ட், கான்ஸ்டன்ஸ் கம்மிங்ஸ் மற்றும் ஒருவர்" என்றுதான் இருந்தது. மூன்று பெயருக்கு இருந்த இடம் நாலாவது பெயருக்கு மட்டும் பற்றாமல் போயிருக்கிறது. காகித விலை ஏறிவிட்டது, என்ன செய்வது.

அவர் 1892-ல் பிறந்தவர். படப்பிடிப்பு நடந்தது 1944-ல், டென்ஹாம் ஸ்டூடியோவில். கணக்குப் போட்டால் வயது 52. அதே இதழின் அட்டையில் அதைவிட மூத்த கதாநாயகர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறார். அவருக்கு நீங்கள் கொடுத்திருக்கும் தலைப்பு 'துள்ளும் இளமை'. ரூதர்ஃபோர்டும் அந்தப் படத்தில் சைக்கிளில்தான் வருகிறார், ஐயா. சாய்ந்து நிற்கவில்லை, மிதித்து ஓட்டியே வருகிறார்.

கட்டுரையாளர் படத்தை முழுதாகப் பார்த்தாரா என்றே சந்தேகமாக இருக்கிறது. படத்துக்கு மூலமான நோயல் கவர்டின் நாடகம் முழுவதும் ஒரே வரவேற்பறையில் நடப்பது. படமோ காரில் போகிறது, சாலையில் போகிறது, ஊருக்குள் போகிறது. அதெல்லாம் கிடக்கட்டும், முடிவையே மாற்றியிருக்கிறார்களே! நாடகத்தில் எழுத்தாளர் சார்லஸ், செத்துப்போன இரண்டு மனைவிகளின் ஆவிகளிடமும் "போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டே தப்பித்துப் போய்விடுவார். படத்தில் அவரும் கார் விபத்தில் செத்து, அந்த இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். கவர்டுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை, தப்பித்துப் போகிறவனின் அந்தத் திமிரில்தான் நாடகத்தின் ருசியே இருக்கிறது. ஆனால் பிடிப்பதும் பிடிக்காததும் அப்புறம். 'அப்படியே' என்று எழுதுவதற்கு முன்னால் கடைசி பத்து நிமிடத்தையாவது பார்த்திருக்கலாம்.

பேயைப் பற்றி "சாதாரண கேமரா தந்திரம்" என்றும் போகிற போக்கில் ஒரு வரி. சார்லஸின் முதல் மனைவி எல்விராவின் ஆவியாக வரும் கே ஹாமண்டுக்கு உடம்பெல்லாம் பச்சை ஒப்பனை, பச்சை சாயலில் ஆடை, உதட்டிலும் நகத்திலும் மட்டும் சிவப்பு. அவர் நகர்ந்தால் அவருக்கென்றே ஒரு விளக்கு கூடவே நகர வேண்டும். பக்கத்தில் நிற்கும் கணவர் மேல் அந்த ஒளி படக்கூடாது. இதெல்லாம் டெக்னிகலர் என்ற வண்ணப்படக் கேமராவில், போர் நடந்துகொண்டிருந்த நாட்டில். இந்தப் படத்தின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்காக டாம் ஹோவர்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த வங்கியின் ரிக்ரியேஷன் கிளப்பில் ஆண்டுதோறும் நாடகம் போடுவோம். ஒரு வருஷம் மோகினிப் பிசாசு கதை. லைட்காரர் விளக்குக்கு முன்னால் பச்சை ஜெலட்டின் தாளைக் கட்டினார். மோகினி மேடைக்கு வந்ததும் மோகினி பச்சை, கதாநாயகன் பச்சை, சோபா பச்சை, திரைச்சீலையை இழுக்கிற பையனின் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதுவும் பச்சை. முன்வரிசையில் இருந்த ஜோனல் மேனேஜர் "எல்லாருக்கும் மஞ்சள் காமாலையா?" என்று கேட்டார்.

அந்த நாடகத்தில் எனக்குச் சமையல்கார மாமி வேஷம். எப்போதுமே அதுதான், அல்லது மாமியார். நான் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன். மேடையில் கால் வைத்ததும் சபையில் ஒரு சிரிப்பு கிளம்பும். அந்தச் சிரிப்பு நாற்காலியில் போய் உட்காரும்வரைதான் வரும். அதற்குப்பின் வசனம் பேச வேண்டும், எதிரே இருப்பவர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். உடம்பைக் காட்டி இரண்டு மணி நேரம் ஓட்டிவிட முடியாது. இதை உங்கள் கட்டுரையாளருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ரூதர்ஃபோர்ட் நடித்த மேடம் அர்க்காட்டி ஆவிகளோடு பேசுகிறவள். ஆவியோடு பேசுவதாக ஏமாற்றுகிறவர்கள் பற்றி நாவல் எழுதத் தகவல் வேண்டும் என்று சார்லஸ்தான் அவளை விருந்துக்குக் கூப்பிடுகிறார். அவளிடம் இதை யாரும் சொல்லவில்லை. பின்னால் இரண்டாம் மனைவி ரூத் உதவி கேட்டு வரும்போது உண்மை வெளியே வந்துவிடுகிறது. அந்த இடத்தில் ரூதர்ஃபோர்டின் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். உண்மையிலேயே ஆவி வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் குழந்தை மாதிரி குதூகலித்துக்கொண்டிருந்தவர், தன்னை வேடிக்கை பார்க்கத்தான் கூப்பிட்டார்கள் என்று தெரிந்ததும் அப்படியே நிமிர்ந்து விறைத்துப் போகிறார். கோமாளித்தனம் துளியும் இல்லை. தன் தொழிலை மதிக்கிற ஒருத்திக்கு வரும் ரோஷம். சிரிப்பும் வருகிறது, நமக்கே கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. இதற்குப் பெயர் கூத்தடிப்பதா?

கடைசியில் அந்தப் பேயை வரவழைத்தது யார் என்பதையாவது கட்டுரையில் சொன்னீர்களா? ஓடாதே, மெதுவாக நட என்று எல்லோரும் அதட்டுகிற வேலைக்காரப் பெண் ஈடித். கதையின் முடிச்சே அவளிடம் இருக்கிறது. உங்கள் கட்டுரையில் அவளும் இல்லை.

இது இன்று நேற்று நடப்பதல்ல. நகைச்சுவை நடிகை டி.பி. முத்துலட்சுமியின் படம் ஒன்றை முன்பு போட்டபோதும் கதாநாயகியின் பெயரை எழுதிவிட்டு அவர் பெயரை விட்டுவிட்டீர்கள். அப்போதும் கடிதம் எழுதினேன். என் கடிதத்தில் நடுப்பகுதியை வெட்டிவிட்டு "தங்கள் இதழ் அருமை" என்ற வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். நகைச்சுவை நடிகை யாராவது காலமானால் இரங்கல் செய்தி ராசிபலனுக்குக் கீழே வருகிறது. நாயகர்கள் பிறந்தநாளுக்கோ நடுப்பக்கம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தத் துப்பறியும் தொடர்கதையைப் பாதியில் நிறுத்தினீர்களே, அதைப் பற்றி இப்போது பேசவில்லை.

போர் நேரத்தில் பேய்க் கதை எழுதியது "பொறுப்பற்ற பொழுதுபோக்கு" என்ற வரிக்கும் வருகிறேன். 1941 வசந்தத்தில் லண்டனில் கவர்டின் வீடே குண்டுவீச்சில் சேதமானது. வேல்ஸில் உள்ள போர்ட்மேரியனுக்குப் போய்ச் சில நாள்களிலேயே இந்த நாடகத்தை எழுதி முடித்தார். ஜூலை 2 அன்று பிக்காடிலி தியேட்டரில் லண்டனின் முதல் காட்சிக்கு வந்தவர்கள், குண்டு விழுந்த இடிபாடுகளின் மேல் போட்டிருந்த பலகைகளில் நடந்து வந்து உட்கார்ந்தார்கள். சாவைப் பார்த்துச் சிரிக்க! லண்டனில் அந்த நாடகம் 1,997 காட்சிகள் ஓடியது. வீட்டுக்கு வீடு இழவு விழுந்துகொண்டிருந்த ஊரில் அத்தனை பேர் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்குப் பொறுப்பைப் பற்றி நாம் பாடம் எடுக்கிறோம். அந்த மேடையிலும் மேடம் அர்க்காட்டியாக நடித்தவர் இதே ரூதர்ஃபோர்ட்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சென்னையிலிருந்து வெளிவருகிற பத்திரிகை. ரூதர்ஃபோர்ட் கைக்குழந்தையாக இருந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் குடிவந்த ஊர் மதராஸ். இந்தியாவில் இருந்தபோதே தாய் தற்கொலை செய்துகொள்ள, மூன்று வயதில் குழந்தை இங்கிலாந்துக்குத் திரும்பி, விம்பிள்டனில் தாயின் சகோதரி வீட்டில் வளர்ந்தது. பியானோவும் பேச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்து, 33 வயதில்தான் தொழில்முறை மேடை ஏறினார். 71 வயதில் ஆஸ்கர் வாங்கினார். வேறு ஏதாவது நடிகை இரண்டு நாள் சென்னையில் தங்கினாலே "நம்ம ஊர் பொண்ணு" என்று அட்டையில் போடுவீர்கள். இவருக்கு மட்டும் 'மற்றும் ஒருவர்'.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில், எங்கே வேண்டுமானாலும், குறுக்கெழுத்துப் போட்டி விடைகளுக்குக் கீழேகூடப் பரவாயில்லை, அந்தப் புகைப்படத்தில் இருக்கும் நாலாவது நபர் மார்கரெட் ரூதர்ஃபோர்ட் என்று ஒரு வரி போடுங்கள். கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் சொல்லவில்லை, அவர் பெரியவர். இந்தக் கடிதத்தைப் பிரசுரிப்பதானால் வெட்டாமல் பிரசுரியுங்கள். இடமில்லை என்றால் பிரசுரிக்கவே வேண்டாம், திருத்தம் மட்டும் வந்தால் போதும்.

என் ஆண்டுச் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கும் படிவம் வந்து சேர்ந்தது. நிரப்பவில்லை, அடுத்த இதழைப் பார்த்துவிட்டு நிரப்பலாம் என்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஸ்ரீரங்கம்