முட்டை இட்ட தேதியை எழுதுங்கள்: மயில் முட்டை விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மயில் முட்டைகளை இணையம் வழியாக விற்கும் பண்ணையாளர்களுக்கு,

வணக்கம்.

போன பருவத்தில் உங்களில் ஒருவரிடம் ஆறு மயில் முட்டைகள் வாங்கினேன். நூறு சதவீதம் கருவுள்ளவை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார். பெட்டி வந்த அன்று வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை ஒரு நாள் முழுக்க நிறுத்திவைத்து, அப்புறம்தான் இன்குபேட்டரில் அடை வைத்தேன். பத்தாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்து முட்டைகளில் மஞ்சள் வெளிச்சத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆறாவதில் ஒரு மெல்லிய ரத்த வளையம் தெரிந்தது. நரம்பு ஓடத் தொடங்கி, பாதியில் நின்றுபோன கரு அது.

ஐந்தையும் உடைத்துப் பார்த்தேன். மஞ்சள் கருவின் மேல் சின்ன வெள்ளைப் புள்ளி ஒன்றுதான் இருந்தது. வளர்ச்சி தொடங்கியதற்கான எந்த அடையாளமும் இல்லை. படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். கூரியரில் குலுங்கியிருக்கும் என்று ஒரு வரி பதில் வந்தது. குலுக்கலில் கரு செத்துப்போகலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவே சேராத முட்டைக்குக் கூரியர்காரர் என்ன செய்வார்?

அவர் பெயரைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பணம் போனதும் எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. மயில் கோழியைப் போல வருடம் முழுக்க முட்டை போடும் பறவை இல்லை. அதற்கென்று ஒரு பருவம் உண்டு, அது சில மாதங்களில் முடிந்துவிடும். வாங்கிய முட்டை கூமுட்டை என்று தெரிவதற்குள் பத்து நாள் போய்விடுகிறது. பேசி, காத்திருந்து, மறுபடி வாங்கலாம் என்று பார்த்தால் பருவம் முடிந்திருக்கும். ஒரு வரி விளம்பரத்தால் எனக்குப் போனது ஒரு வருடம். அதனால்தான் உங்கள் எல்லோரிடமும் சில விஷயங்களைக் கேட்கிறேன்.

முதலில் அந்த 'கருவுள்ளது' என்ற சொல். நீங்கள் பெட்டியில் வைக்கும் முட்டையில் கரு இருக்கிறதா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஓட்டின் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியே இல்லை. இன்னும் அடை வைக்காத முட்டையை டார்ச் அடித்துப் பார்த்தாலும் தெரியாது. உடைத்தால்தான் தெரியும், உடைத்த முட்டையை விற்க முடியாது. ஆனால் அதே கூட்டில், அதே ஜோடி போட்ட வேறு முட்டைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒன்றை உடைத்துப் பாருங்கள். கருவுள்ள முட்டையில் அந்த வெள்ளைப் புள்ளி கொஞ்சம் அகன்று, வட்டத்துக்குள் வட்டமாக, ஓரம் சீராக இருக்கும். கரு சேராத முட்டையில் அது சிறியதாக, கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும். பழகிய கண்ணுக்கு வித்தியாசம் உடனே பிடிபடும். இல்லையென்றால் உங்கள் இன்குபேட்டரிலேயே சில முட்டைகளை வைத்துப் பார்த்துவிட்டு, 'இந்தக் கூட்டு முட்டைகளில் பத்து வைத்தோம், எட்டில் நரம்பு ஓடியது' என்று எழுதுங்கள். எனக்கு அந்த ஒரு வரி போதும். நூறு சதவீதம் என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். எந்தப் பண்ணையாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

அடுத்தது, நான் மிகவும் வற்புறுத்திக் கேட்பது: ஒவ்வொரு முட்டையின் மேலும் அது இடப்பட்ட தேதி வேண்டும்.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பெண்மயில் பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் முட்டையிடும். ஒரே பெண்மயில் இடைவிடாமல் இட்டாலும் பன்னிரண்டாவது முட்டை வர 23 நாள் ஆகும். அதற்குள் முதல் முட்டைக்கு வயது மூன்று வாரம் தாண்டியிருக்கும். அடை முட்டையை ஏழு நாளுக்குள் வைத்துவிடுவது நல்லது, பத்து நாள் வரை பார்க்கலாம், அதற்கு மேல் போகப் போக பொரிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே வரும். ஆகவே 'ஒரே ஜோடியின் புத்தம்புது முட்டைகள், ஒரு டஜன்' என்று ஒருவர் விளம்பரம் போட்டால் அந்த மூன்றில் ஏதோ ஒன்று உண்மையில்லை. ஒன்று பல பெண்மயில்களின் முட்டைகளைக் கலந்திருக்கிறார், அல்லது புதியவை இல்லை, அல்லது ஒரு டஜன் அவரிடம் இல்லவே இல்லை. ஒரு வாரத்தில் பன்னிரண்டு சேர வேண்டுமானால் நன்றாக முட்டையிடும் பெண்மயில் மூன்றாவது வேண்டும். இதில் பயண நாட்களையும் சேர்க்க வேண்டும். நீங்கள் நான்கு நாள் சேர்த்துவைத்து, வழியில் மூன்று நாள் ஆகி, வந்தபின் நான் ஒரு நாள் நிறுத்திவைத்தால் எட்டு நாள் ஆகிவிட்டது. இது பரவாயில்லை. நீங்கள் இரண்டு வாரம் சேர்த்து அனுப்பினால் என் கைக்கு வரும்போதே காலம் கடந்துவிட்டது.

எந்த நாள் முட்டை என்று நினைவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். மயில் பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில்தான் முட்டையிடும். சாயங்காலம் கூட்டைப் பார்த்து முட்டையை எடுக்கும்போது பென்சிலால் தேதி போட இரண்டு வினாடி ஆகுமா? பேனா வேண்டாம். ஓட்டில் ஆயிரக்கணக்கில் நுண்துளைகள் உண்டு, மை உள்ளே இறங்கலாம். அதே காரணத்தால்தான் முட்டையைக் கழுவவும் கூடாது. ஓட்டின் மேல் இருக்கும் இயற்கையான மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடும். படத்தில் பளபளவென்று இருக்க வேண்டும் என்பதற்காகக் கழுவி அனுப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். சுத்தமான கூட்டில் எடுத்த, லேசாக அழுக்கு ஒட்டிய முட்டையை நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.

சேர்த்துவைக்கும் இடமும் முக்கியம். இடும்போதே முட்டைக்குள் கரு பல்லாயிரக்கணக்கான செல்களாகப் பிரிந்து வளர்ந்திருக்கும். குளிர்ந்த இடத்தில் அது உறங்குவதுபோல நின்றிருக்கும். கோழி முட்டையில் அந்த எல்லை ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் வெப்பம் இருந்தால் கரு அரைகுறையாக வளரப் பார்த்து, வலுவிழந்து செத்துவிடும். மயில் முட்டையையும் 13 முதல் 16 டிகிரி வரை உள்ள அறையில், கூர்முனை கீழாக, தினமும் கொஞ்சம் சாய்வு மாற்றி வைப்பதுதான் பாதுகாப்பு. குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரி அதற்கு அதிகக் குளிர். சூடான கொட்டகையில் கூடையில் போட்டுவைப்பதும் வேண்டாம்.

கட்டி அனுப்புவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களில் பலர் நன்றாகவே கட்டுகிறீர்கள். ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியாகச் சுற்றி, கூர்முனை கீழாக, ஒன்றோடொன்று மோதாமல் வைத்தால் போதும். தடித்த முனையில் இருக்கும் காற்றறை பயணத்தில் பிய்ந்துவிட்டால் குஞ்சு கடைசி நாட்களில் மூச்சுக்குத் திண்டாடும். அதனால்தான் வந்ததும் முட்டையை அசைக்காமல் நிறுத்திவைக்கிறோம். காற்றறை ஆடுகிற முட்டையை முதல் சில நாள் திருப்பாமல் நிமிர்த்தியே அடை வைக்கிறவர்களும் உண்டு.

அப்புறம் படம். தோகை விரித்த ஆண்மயில் படம் இல்லாத விளம்பரத்தை நான் பார்த்ததே இல்லை. அது உங்கள் மயில்தானா? முட்டையின் தகப்பன்தானா? அதன் வயது என்ன? பெண்மயில் இரண்டு வயதில் முட்டையிடத் தொடங்கும். ஆண்மயிலுக்கு முழுத் தோகை வந்து, நம்பிக்கையாக இனம் சேர மூன்று வயது ஆக வேண்டும். இரண்டு வயது ஆண்மயில் சிலவேளை சேரும், பலவேளை சேராது. நான் வாங்கிய ஐந்து கூமுட்டைகளுக்கும் அப்படியொரு இளவட்டம்தான் காரணமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வயதைக் கேட்டேன், பதில் வரவில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. வெள்ளை மயில் முட்டை என்று தனி விலை சொல்கிறீர்கள். நீல மயில் இட்டாலும் வெள்ளை மயில் இட்டாலும் முட்டை ஒரே மங்கலான சந்தன நிறத்தில்தான் இருக்கும். பார்த்துப் பிரிக்க முடியாது. ஆகவே தாயும் தகப்பனும் இரண்டுமே வெள்ளையா, இல்லை வெள்ளையின் மரபை உள்ளே வைத்திருக்கும் நீல மயில்களா என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது வகையானால் சராசரியாக நான்கு குஞ்சுகளில் ஒன்றுதான் வெள்ளையாக வரும். ஆறு முட்டையில் ஒன்றுகூட வராமலும் போகலாம். இதைத் தெரிந்து வாங்குகிறவர் சண்டைக்கு வரமாட்டார்.

நோய் விஷயத்தில் மழுப்பல் வேண்டாம். மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமி தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே வந்துவிடும். உங்கள் கூட்டத்தைச் சோதித்திருந்தால் எப்போது என்று போடுங்கள். சோதிக்கவில்லை என்றால் அதையும் போடுங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எல்லா இடத்துக்கும் மயில் முட்டை அனுப்பலாம் என்று எழுதாதீர்கள். நீல மயில் 1963 முதல் இந்தியாவின் தேசியப் பறவை. அங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது, அந்தச் சட்டத்தில் விலங்கு என்ற சொல்லே முட்டையையும் சேர்த்துத்தான் குறிக்கும். அங்கே இருந்து ஒருவர் ஆர்டர் போட்டால், அவருக்கு விவரம் சொல்லி மறுப்பதுதான் நீங்கள் அவருக்குச் செய்யும் உதவி. தென்கிழக்கு ஆசியாவின் பச்சை மயில் அழியும் ஆபத்தில் இருக்கும் இனம், இப்படிப்பட்ட உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருப்பது. அதன் முட்டையை எல்லை தாண்டி அனுப்ப அனுமதிச் சீட்டு வேண்டும். ஆவணம் காட்டாமல் பச்சை மயில் முட்டை என்று விற்கிறவர், ஒன்று கலப்பின முட்டையை விற்கிறார் அல்லது செய்யக்கூடாததைச் செய்கிறார். காட்டில் கூடு கலைத்து எடுத்த முட்டை எந்தப் பெட்டியிலும் இருக்கக் கூடாது.

நேர்மையான பண்ணையாளர்கள் இதைப் படித்து வருத்தப்பட வேண்டாம். உங்கள் பிழைப்பைக் கெடுப்பது நான் அல்ல. முட்டையே இல்லாமல், எங்கோ எடுத்த படத்தைப் போட்டு, பருவம் பார்க்காமல் பன்னிரண்டு மாதமும் 'கையிருப்பு உண்டு' என்று எழுதி முன்பணம் வாங்கிக்கொண்டு மறைகிறவர்கள்தான் கெடுக்கிறார்கள். தேதியும் வயதும் கூட்டின் படமும் நீங்கள் போடத் தொடங்கினால், அவர்கள் போட முடியாமல் நிற்பார்கள்.

வாங்குகிறவர்கள் தரப்பிலும் தவறு உண்டு, மறைக்க மாட்டேன். 28 நாள் 37.5 டிகிரியில் வைக்க வேண்டிய முட்டையை, வெப்பமானி சரியா என்றுகூடப் பார்க்காமல் வைத்துவிட்டு உங்களைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசி மூன்று நாள் திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும் என்பது தெரியாமல், ஓட்டுக்குள் ஒட்டிச் செத்த குஞ்சுக்கு உங்களைக் குற்றம் சொல்கிறவர்களும் உண்டு. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. அனுப்பி வாங்கிய முட்டையில் பாதி பொரித்தாலே நல்ல விளைவு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே குஞ்சுக்கு உத்தரவாதம் கேட்கவில்லை. பத்தாம் நாள் டார்ச் படமும் உடைத்த படமும் அனுப்பி, கரு சேரவே இல்லை என்று காட்டினால் மட்டும் அந்த முட்டைகளுக்குப் பதில் முட்டை கொடுங்கள், அதுவும் பருவம் முடிவதற்குள். நரம்பு ஓடி நின்றுபோனதை வழியில் வந்த நஷ்டமாக நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இந்தப் பருவத்துக்கும் இன்குபேட்டரைத் துடைத்து, இரண்டு நாள் காலியாக ஓடவிட்டு வெப்பத்தைச் சரிபார்த்துவிட்டேன். ஆறு முட்டைகளுக்கு இடம் இருக்கிறது. பென்சிலால் தேதி போட்ட முட்டை உங்களில் யாரிடம் இருக்கிறதோ அவர் எழுதுங்கள், விலை பேரம் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மயில்குஞ்சுக்குக் காத்திருக்கும் ஒருவன்