எலிக்கு எத்தனை இலை கொடுத்தீர்கள்?

மூலிகை இலைகளில் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடும் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் வேலந்தாவளம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோவை மாவட்டம். இங்கே வீட்டில் தமிழ், ஆஸ்பத்திரியில் மலையாளம். இந்த நோய்க்கு மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே பெயர்: ஷுகர். கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக 2023-ல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. கடை மேசைக்குப் பின்னால் நிற்கிற எனக்கு அந்த எண் ஆச்சரியம் தரவில்லை.

பக்கத்துத் தெருப் பெரியம்மா தோப்பில் மட்டை பொறுக்கும் வேலைக்குப் போகிறவர். போன வருடம் இரண்டு மாதமாக மாத்திரை வாங்க வரவில்லை. ஒருநாள் நொண்டிக்கொண்டு வந்தார். குதிகாலில் முள் குத்திய புண், மூன்று வாரமாக ஆறவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 386. “மாத்திரை?” என்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு இலையை மேசைமேல் வைத்தார். இன்சுலின் செடி. வாட்ஸ்அப்பில் வந்த செய்தித்தாள் துண்டை மகன் படித்துக் காட்டினானாம், இலைச்சாற்றில் சர்க்கரை குறைந்தது என்று. அது எலிக்கு என்று நான் சொன்னதும் அவர் கேட்டார்: “சரி, எலிக்கு எத்தனை எலை குடுத்தாங்க? மாத்திரையும் சேத்துக் குடுத்தாங்களா?”

என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

உங்கள் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான் தினமும் கிழித்துக் கொடுக்கும் ஷுகர் மாத்திரையான மெட்ஃபார்மினின் வேரே கலேகா என்ற ஐரோப்பியச் செடியில்தான் இருக்கிறது. அந்தச் செடியின் சரக்கு அப்படியே கொடுத்தால் நஞ்சு. அதன் சாயலில் 1922-ல் செய்த மருந்தை 1957-ல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டார். செடியிலிருந்து மாத்திரைக்கு வர அத்தனை வருடம் ஆயிருக்கிறது.

சிறுகுறிஞ்சானையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் சக்கரைக்கொல்லி. ஒரு இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்டது மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது. நானே செய்து பார்த்திருக்கிறேன். சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று 1990-ல் வெளிவந்தது. 22 நோயாளிகள், நாளுக்கு 400 மில்லிகிராம் இலைச் சத்து, 18 முதல் 20 மாதம், அவர்கள் ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரையோடு சேர்த்து. ஐந்து பேர் பிறகு மாத்திரையை விட முடிந்தது. பார்த்தீர்களா, எவ்வளவு, எத்தனை நாள், எதோடு சேர்த்து, எல்லாமே அதில் இருக்கிறது. ஆனால் 22 பேர்தான். சத்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டும் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த படியை நூற்றுக்கணக்கான மனிதர்களை வைத்து யாராவது ஏற வேண்டாமா?

அதை விட்டுவிட்டு இன்னொரு இலை, இன்னொரு எலி என்றே போகிறது. ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு எலியின் கணையத்தைக் கெடுக்கிறீர்கள். நிழலில் காயவைத்த இலையை மெத்தனாலிலோ எத்தனாலிலோ ஊறவைத்து வடித்து, வற்றவைத்து, மிஞ்சும் பிசினைக் குழாய் வழியாகப் புகட்டுகிறீர்கள். பெரியம்மா மென்றது பச்சை இலை. இரண்டும் ஒன்றா? கெட்டுப்போன அந்தக் கணையமும் அவருடைய முப்பது வருடச் ஷுகரும் ஒன்றா? உங்களுக்கு இது தெரியும். கட்டுரைத் தலைப்பை மட்டும் படிக்கிறவருக்குத் தெரியாது. இன்சுலின் செடியில் இன்சுலினும் கிடையாது. இருந்தாலும் வயிறு அதைச் செரித்துவிடும். பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள் இங்கே நிறைய.

நித்தியகல்யாணிக் கதை உங்களுக்குப் பாடமாகவே இருந்திருக்கும். ஜமைக்காவில் ஷுகருக்கு அதன் இலைக் கஷாயம் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடி சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள் இறங்கின. அந்த வழியிலேயே போய் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். எங்கள் ஊரில் அந்த இலையை இன்றும் வெறும் வயிற்றில் மெல்லுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் இதை யாரும் சொன்னதில்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இலை நிஜமாகவே வேலை செய்தால், கிளிமிபிரைடு மாதிரி ஷுகர் மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, கடை வாசலில் உட்கார்ந்துவிட்ட ஒரு லாரி ஓட்டுநருக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்திருக்கிறேன். பையில் மாத்திரையும் இருந்தது, பொடி டப்பாவும் இருந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆய்வு முடிந்ததும் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள், தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. எந்த இலை, எப்படி எடுத்த சாறு, எலியா மனிதரா, எத்தனை பேர், மாத்திரையோடா இல்லாமலா என்று அதில் இருக்கட்டும். மாத்திரையையோ இன்சுலினையோ டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். செய்தித்தாளுக்கும் அதையே கொடுங்கள்.

பெரியம்மாவின் புண் ஆற நாலு மாதம் ஆனது. இப்போது மாத்திரை ஒழுங்காக வாங்குகிறார், தொட்டியில் செடியையும் வைத்திருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் எலிக்கு எத்தனை இலை என்று கேட்கிறார். நீங்கள் எழுதி அனுப்பினால் நானே படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வேலந்தாவளத்திலிருந்து ஒரு மருந்துக்கடை ஊழியர்