நான்கு ஓரமும் தெரியும்படி ஒரு பிரதி

அன்புள்ள அண்ணனுக்கு,

என் அப்பாவின் பத்தாம் ஆண்டுத் திதி சென்ற வாரம் முடிந்தது. இதுவரை வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டு வந்தோம். இம்முறை வேறு படம் வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றதால், பட்டர் பேப்பர் உறைக்குள் இத்தனை ஆண்டுகள் கிடந்த அந்த நெகட்டிவ் துண்டை வெளியே எடுத்து ஸ்கேன் செய்தேன். அது என்னிடம் எப்படி வந்தது என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. உங்களிடம் தொழில் கற்ற அந்த ஸ்டுடியோவை விட்டுப் போன அன்று உங்கள் அலமாரியிலிருந்து கேட்காமல் எடுத்தேன். அது தவறு, என்னை மன்னியுங்கள். ஆனால் அதில் இருந்தது என் அப்பா. கேட்டிருந்தால் நீங்கள் தந்திருப்பீர்களா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

1995இல் மூன்று மாதங்கள் ஃபிலிம் போடாத யாஷிகா கேமராவைக் கழுத்தில் மாட்டி என்னை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துக்கு அனுப்பினீர்கள். இடம் வலமாக மாறித் தெரியும் அதன் மேல்பக்கக் கண்ணாடியில் குனிந்து பார்த்துப் பார்த்து, தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் ஆளாகவும் பொருளாகவும் தெரிவது நின்று, வெளிச்சமும் நிழலுமாக, சாய்வும் நேர்கோடுமாகத் தெரியத் தொடங்கிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் நான்கு மூலைகளைப் பார், நடு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பீர்கள். இன்று எந்தக் கேமராவைக் கையில் எடுத்தாலும் என் கண் மூலைகளுக்குத்தான் முதலில் போகிறது. சோறு போடும் இந்தக் கண் நீங்கள் கொடுத்தது.

பிறகு ஊட்டியில் தயாரான 120 ஃபிலிம் ரோல் ஒன்றைக் கொடுத்தீர்கள். பன்னிரண்டு படங்களில் ஒன்று அப்பா. இரண்டு தூண்களுக்கு நடுவே தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்; கிழக்கிலிருந்து வந்த வெயில் அவர் விரல்களில் விழுகிறது. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலின் ஈரம் காயாத பிரதியை மேசையில் போட்டு, ‘எல்’ வடிவில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளை அதன்மேல் நகர்த்தினீர்கள். மேலிருந்த அட்டை மெல்ல இறங்கி அப்பாவின் நெற்றியை, கண்களை, வாயை மூடியது. ஊசியும் துணியும் விரல்களும் மட்டும் மிஞ்சின. “பார்வை லென்ஸிலும் இல்லை, துணியிலும் இல்லை. முகம் வேண்டாம், கைதான் படம்” என்றீர்கள். பக்கத்தில் நின்ற நான் சரி என்றேன். அவர் என் அப்பா என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அட்டையை நகர்த்தும்போது ஒரு நொடியாவது தயங்கினீர்களா?

அந்தப் படம் போட்டிக்குப் போன விதத்தைப் பற்றி, உங்கள் பிள்ளைகளும் படிக்கக்கூடிய இந்த இடத்தில் எழுத மாட்டேன். பரிசு பெற்ற பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அப்பா அதைப் புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, “நான் எங்கேடா?” என்று கேட்டதை மட்டும் எழுதிவிடுகிறேன். அதன்பின் அவர் என் கேமராவுக்கு முன்னால் உட்காரவில்லை. பெற்ற தகப்பனை ஒழுங்காக ஒரு படம் எடுக்காத போட்டோகிராபராகவே அவருக்குக் கொள்ளி வைத்தேன்.

ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையில் எடுத்த படங்களின் நகல்களை நீங்கள் மணிக்கணக்கில் காட்டுவீர்கள். கல்லின் மேல் வெளிச்சம் தங்குவதை அவற்றில்தான் கற்றேன். நீண்ட எக்ஸ்போஷர் தேவைப்பட்ட அந்தக் காலத்துப் படங்களில் நடமாடும் மனிதர்கள் பதிவதே அரிது. எங்கள் எல்லோரையும் நீங்கள் அப்படித்தான் பார்த்தீர்கள் என்று கோபத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழுக்க நியாயமில்லை. அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது யார் வந்து பணம் கட்டினார்கள் என்பதை அம்மா எனக்குத் தாமதமாகத்தான் சொன்னார்.

சென்ற வாரம் திரையில் முழுச் சதுரமும் விரிந்தபோது, உங்கள் கண்ணும் என் கண்ணும் தவறவிட்டதைப் பார்த்தேன். யாஷிகாவை மார்பு உயரத்தில் பிடித்துக் கண்ணாடிக்குள் தலை குனிந்து நின்றிருந்தேன். அப்பாவின் பார்வை லென்ஸுக்குச் சற்று மேலே போகிறது. அங்கே இருந்தது என் தலை. வேலையை நிறுத்தாமல், தன்னைப் பார்க்காத மகனை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். விரல்களில் விழுந்த அதே வெயில் மெலிந்து அவர் கன்னத்திலும் இருக்கிறது. அந்த அட்டையை அன்று நான் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். அதைப் பார்க்கும் கண் அப்போது எனக்கு இல்லை, உங்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அப்பா உட்கார்ந்த இடத்தில் இனி யாரையும் அப்படி எடுக்க முடியாது. அடுத்த மாதம் மதுரைக்கு வருகிறேன். நெகட்டிவ் துண்டில் உள்ள மற்ற இரண்டு ஃபிரேம்களும் அதே ரோலில் நீங்கள் எடுத்த தூண்கள். அவற்றை வெட்டிப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவருகிறேன். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரதி போடும் உங்கள் என்லார்ஜர் இன்னும் ஓடுமானால், திரையில் பார்த்தது எனக்குப் போதவில்லை, நான்கு ஓரமும் தெரியும்படி ஒரு பிரதியை நீங்களே போட்டுத் தர வேண்டும்.