பழைய மொரிஸ் மைனரும் எர்த் கோளாறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் எனது வீட்டு முற்றத்தில் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் காரொன்றைச் சீர்செய்துவரும் நான், அதன் முன்விளக்குகள் மங்கியதற்குக் காரணம் தேடி மூன்று வாரங்கள் அலைந்தேன். பற்றரியையும் டைனமோவையும் மாற்றச் சொன்னார்கள். ஆனால் விளக்கை எரியவிட்டு, அதன் கூட்டுக்கும் பற்றரியின் எர்த் முனைக்கும் (மின்னோட்டம் திரும்பும் பாதையாகக் காரின் உடலோடு இணைக்கப்பட்ட முனை) இடையே மின்னழுத்தத்தை அளக்கும் மல்ரிமீற்றரை வைத்தபோது, ஏறத்தாழப் பூச்சியம் காட்டவேண்டிய இடத்தில் 2 வோல்ற் காட்டியது. கடற்காற்றில் பச்சை பூத்து மின்னோட்டத்தைத் தடுத்துக்கொண்டிருந்த அந்த எர்த் இணைப்பைத் தேய்த்துத் துலக்கி இறுக்கியதும் வெளிச்சம் பளிச்சென்று திரும்பிவிட்டது.

இக்கார்களில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருப்பதால், எதிர்முனை உடலோடு இணைந்த கார்களுக்கென ஆன இக்கால வானொலியையோ, டைனமோவுக்குப் பதிலாக வரும் ஒல்ரனேற்றரையோ அறியாமல் பொருத்தினால் அவை கருகிவிடக்கூடும். கொழும்பில் இன்றும் ஓடும் இக்கார்களுக்காக, எமது தொழிற்பயிற்சி நிலையங்கள் இந்த எர்த் முறையையும் கற்பிக்க வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
கொழும்பு 06.