கவுன்சிலர் வீட்டிலிருந்து மகளுக்கு

கடலூர்,
ஐப்பசி.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் அம்மா இருந்தாள். “2027 ஆரம்பத்துல கவுன்சிலர் பதவி முடியுது, அதோட போதும்னு அம்மாகிட்ட சொல்லுங்கப்பா. ஸ்டேட்டஸ்ல பார்த்தா தினம் ஒரு சால்வை, ஒரு ரிப்பன். இதுக்கா இந்த வயசுல இப்படி அலையணும்?” என்று கேட்டாய். அந்த ஸ்டேட்டஸை அம்மா போடுவதில்லை. வார்டுப் பையன் ஒருவன் அவள் போனை வாங்கி அவனே போடுகிறான். சால்வைகள் பீரோ நிறைய மடித்துக் கிடக்கின்றன. இரண்டை எடுத்து டெய்லரிடம் கொடுத்து ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டேன், அம்மாவிடம் சொல்லாமல். அவள் இன்னும் கவனிக்கவில்லை.

நீ பார்க்காததைச் சொல்கிறேன். போன வாரம் காலை ஐந்தரைக்கு போன். பின்தெருவில் தண்ணீர் கலங்கலாக வருகிறது. அம்மா நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள், நான் டார்ச்சோடு பின்னால். எவர்சில்வர் சொம்பில் கலங்கல் தெரியாது என்று இப்போதெல்லாம் ஒரு கண்ணாடி டம்ளரைப் பையில் போட்டுக்கொள்கிறாள். குழாயில் பிடித்து, அந்த வீட்டு டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். அப்புறம் குளோரின் பார்க்கிற சின்னக் குப்பியை எடுத்தாள். தண்ணீரில் மருந்து சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் காட்ட வேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அன்றைக்கு நிறமே வரவில்லை.

தெருமுனைக்குப் போய்ப் பார்த்தால் விஷயம் புரிந்தது. கேபிள் போடப் பள்ளம் எடுத்தவர்கள் குடிநீர்க் குழாயில் கடப்பாரையைப் போட்டுவிட்டு, உடைந்த இடத்தில் டேப்பைச் சுற்றி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு முழம் தள்ளிச் சாக்கடை. வால்வு திறக்கிறவரை எழுப்பி லைனை அடைக்கச் சொல்லி, இன்ஜினியருக்கு போன் போட்டு, வீடு வீடாகப் போய் “பிடிச்ச தண்ணியைக் கொட்டிடுங்க, சமையலுக்கும் வேணாம்” என்று சொல்லி, தண்ணி லாரிக்கு ஏற்பாடு செய்தாள். லாரி வருவதற்குள் குட வரிசையில் ஒரு சண்டை, அதற்கும் பஞ்சாயத்து. எல்லாம் முடிந்து ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்துதான் பல் தேய்த்தாள். இதை யாரும் போட்டோ எடுக்கவில்லை. நைட்டியில் இருந்ததால் எடுக்க விட்டிருக்கவும் மாட்டாள்.

அதற்குள் வராந்தாவில் ஆட்கள். அவர்கள் கொண்டுவருவதில் பாதி அவள் அதிகாரத்திலேயே இல்லை. முதியோர் பென்ஷன் தாலுகா ஆபீஸ் விஷயம், ரேஷன் கார்டு வட்ட வழங்கல், பட்டா வருவாய்த் துறை, டிரான்ஸ்பார்மர் மின்வாரியம். கவுன்சிலர் கேட்கக்கூடியது தண்ணீர், குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, வார்டு ரோடு. அதிலும் மாமன்றத்தில் பேசலாம், ஓட்டுப் போடலாம், அதிகாரிகளைத் துரத்தலாம். தானே கையெழுத்துப் போட்டு ஒரு மூட்டை சிமென்ட் வாங்க முடியாது. இதையெல்லாம் ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கிப் பார்த்தாள். “அது எங்களுக்குத் தெரியாதும்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்பார்கள். இப்போது விளக்குவதில்லை. எந்த ஆபீஸ், எந்த ஜன்னல், என்ன ஜெராக்ஸ் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களோடு தானே போகிறாள்.

ஒன்று மட்டும் நான் பார்த்து அசந்தது. வார்டில் எந்த வீட்டில் சாவு என்றாலும் மாலையோடு போவாள், அது எல்லா கவுன்சிலரும் செய்வதுதான். கிளம்பும்போது மூத்த பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டு, “ஆதார் ஜெராக்ஸ் எடுத்து வைப்பா, கருமாதிக்குள்ள பதிவு போட்டுடலாம்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வருவாள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் சிக்கல் இல்லை. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருஷம் தாண்டினால் அதற்கென்று தனி உத்தரவு வாங்கி அலைய வேண்டும். துக்கத்தில் யாருக்கு இது ஞாபகம் இருக்கும்? பதினாறாம் நாள் காரியம் மட்டும் யாரும் மறக்க மாட்டார்கள், அதனால் இதையும் அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறாள்.

சம்பளத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 2023 ஜூலையிலிருந்து மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய். ஆவணியிலும் தையிலும் அது மொய்க்கே பத்தாது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், எதற்குப் போகாவிட்டாலும் மனத்தாங்கல். ஒரே நாளில் மூன்று முகூர்த்தம் இருந்தால் முதல் வீட்டில் காபி, இரண்டாவதில் சாப்பாடு, மூன்றாவதில் தாம்பூலம். பென்ஷன் வாங்குகிற புருஷன் இருப்பதால் வண்டி ஓடுகிறது.

எப்படித் தொடங்கியது என்று நினைத்துப் பார். 1866-லிருந்து நகராட்சியாக இருந்த ஊர், 2021-ல் மாநகராட்சி ஆனது. 45 வார்டு. 2022 பிப்ரவரியில் தேர்தல், மார்ச் 2-ஆம் தேதி பதவியேற்பு. ஒரு மாதம் முடிவதற்குள், ஏப்ரல் 1-ஆம் தேதி, சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. நம்மைப் போன்ற ஊர்களில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், அதற்கு மேல் போகப் போக 50, 75, 1,800-ஐத் தாண்டினால் 100 சதவீதம். வெற்றிக்கு வெடி போட்டவர்களே வந்து “இதுக்கா ஓட்டுப் போட்டோம்?” என்றார்கள். முடிவு எடுத்தது மேலே, திட்டு வாங்கியது தெருவில் இருந்தவள். அன்று ராத்திரி அழுதாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சொன்னாள், சொல்லிவிட்டேன்.

அதைவிட மோசமானது 2024 டிசம்பர். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, அப்பாடா என்று இருந்தபோது, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் பெண்ணையாற்றில் வந்தது. புயலுக்குத் தயாராக இருந்தோம், ஆற்றுக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆட்களைச் சேர்த்தது, அண்டாவில் சோறு வடித்தது, கைக்குழந்தைகளுக்குப் பால் பவுடர் தேடியது, இதெல்லாம் கஷ்டமே இல்லை; அந்த நேரத்தில் எல்லாரும் ஒரே குடும்பமாகத்தான் இருந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகுதான் கஷ்டம். நிவாரணம் கார்டுக்கு 2,000 ரூபாய் என்று அறிவிப்பு. டோக்கன் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று தெருவே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பட்டியல் அவள் எழுதியது இல்லை. இருந்தாலும் அவள் பெயரைச் சொல்லித்தான் திட்டு. புதுச்சேரியில் எல்லா கார்டுக்கும் 5,000 என்றவுடன் அதற்கும் வந்து நின்றார்கள்: “ஆத்துக்கு அந்தப் பக்கம் அஞ்சாயிரம், இங்க ரெண்டாயிரமா? நீங்க கேட்கவே இல்லையாம்மா?”

விடுபட்ட வீடுகளுக்கு அம்மா ஒரு நோட்டோடு போனாள். சுவரில் தண்ணீர் நின்ற கறை எவ்வளவு உயரம் என்று, உன் பழைய தையல் டேப்பை வைத்து அளந்து எழுதினாள். மாடிவீட்டு அம்மா ஒருத்தி, கறையே இல்லாத சுவரைக் காட்டி, “பெயின்ட் அடிச்சுட்டோம்” என்றாள். வெள்ளம் வடிந்து நாலு நாளில்! அந்த வீட்டை நோட்டில் சேர்க்கவில்லை. அந்த அம்மா மாதக்கணக்கில் பேசவில்லை. அப்புறம் பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையோடு வந்தாள். மொய் எழுதிவிட்டு வந்தோம்.

என் பாடு தனி. வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது என்பதால் வருகிறவர்களில் பலர் நேராக என்னிடம்தான் வருகிறார்கள். “சார், நீங்க சொன்னா போதும், மேடத்தை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்” என்பார்கள். 2016-லிருந்து சட்டப்படி பாதி இடம் பெண்களுக்கு. ஆனால் பல ஊர்களில் நாற்காலியில் புருஷன் உட்கார்ந்துகொண்டு கவுன்சிலர் என்று விசிட்டிங் கார்டே அடித்து வைத்திருக்கிறான். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஒரு ஒப்பந்தக்காரர் ஸ்வீட் பாக்ஸோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாய்க்கால் தூர்வாரும் வேலை அவருடையது. அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்து வைத்திருந்தார், காய்ந்ததும் எடுப்பாராம். மழைக்காலத்தில் எங்கே காய்வது? ஒரு நல்ல மழைக்கு எல்லாம் திரும்ப உள்ளே போய்விடும், பில் மட்டும் முழுசாக வரும். நான் எழுந்து செம்பருத்திக்குத் தண்ணீர் விடப் போய்விட்டேன். அம்மா வெளியே வந்தாள். “பாக்ஸை எடுத்துக்குங்க, லாரியைக் கொண்டாங்க” என்றாள். லாரி வந்து கடைசிக் கூடை ஏறும்வரை வாய்க்கால் ஓரம் குடையோடு நின்றாள். இன்னொன்றிலும் அவள் பிடிவாதம் தெரியும்: பாதாள சாக்கடை அடைத்தால் எவ்வளவு அவசரம் என்றாலும் ஆளை உள்ளே இறக்க விடமாட்டாள். 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. தெருவே கத்தினாலும், மெஷின் வரும்வரை நாறினால் பரவாயில்லை என்று நிற்பாள்.

உன் சிங்கப்பூரில் செல்போனில் புகார் போட்டால் லிஃப்ட் சரியாகிவிடுகிறது என்கிறாய். சந்தோஷம். ஆனால் அங்கேயும் எம்.பி. சாயங்காலம் அடுக்குமாடி பிளாக் கீழே உட்கார்ந்து ஒவ்வொருவராக மனு கேட்பார் என்று நீதானே சொன்னாய்? ஆப் இருக்கிற ஊரிலேயே ஆள் தேவைப்படுகிறது.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம், முத்தியால்பேட்டை அத்தையைக் கேள். புதுச்சேரியில் 1968-க்கு அப்புறம் 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது, அதோடு சரி. இந்தியாவில் பல ஊர்களுக்கு முன்னாலேயே, 1880-லேயே பிரெஞ்சுக்காரன் மேரும் கவுன்சிலும் வைத்துத் தேர்தல் நடத்திய ஊர் அது! இன்றைக்குத் தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நமக்கும் 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை கவுன்சிலர் கிடையாது, தனி அலுவலர்தான். அப்போதுதான் அம்மா தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மனுவோடு நகராட்சிக்கு நடக்க ஆரம்பித்தாள். பதவி வந்து அவள் இதைச் செய்யவில்லை. செய்துகொண்டிருந்தவளுக்குத்தான் பதவி வந்தது. நான் போதும் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

இருந்தாலும் நீ கேட்டாய் என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். “வார்டு எந்த ஒதுக்கீட்டுல வருதுன்னே தெரியாது, அதுக்குள்ள என்ன?” என்றாள். சுழற்சியில் மாறினால் நிற்கவே முடியாமல் போகலாம். அவள் சர்க்கரை அளவு மட்டும் எனக்குக் கவலை. காரியம் செய்யும் வீடு, கல்யாண வீடு என்று கண்ட நேரத்தில் சாப்பிடுகிறாள். அதைப் பற்றி நீ திட்டு, நான் திட்டினால் நடக்காது.

அப்புறம் ஒரு வேலை உனக்கு. வருகிற நவம்பர் ஒன்றாம் தேதி, வார்டு மக்கள் கூடிப் பேசுகிற ஏரியா சபைக் கூட்டம். போன தடவை முழுக்கத் தெருநாய்ப் பேச்சிலேயே போய்விட்டது. கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் விதி என்று அவள் சொல்லச் சொல்ல, யாரும் நம்பவில்லை, சாக்குப்போக்கு என்றார்கள். இந்தத் தடவை டெங்குவைப் பேசியே தீருவது என்றிருக்கிறாள். கொசு ஒழிப்புப் பெண்கள் வீட்டுக்குள் வந்து ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கிற தட்டையும் பூந்தொட்டியையும் பார்க்க வேண்டும் என்றால் பாதி வீடு கதவைத் திறப்பதில்லை. உங்கள் பிளாக்கில் டெங்கு அறிவிப்பைத் தமிழிலும் ஒட்டுவார்கள் என்றாயே, அதை நல்ல வெளிச்சத்தில், எழுத்து தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு. வீட்டுக்குள் கொசுப் புழு இருந்தால் அங்கே எவ்வளவு அபராதம் என்பதையும் விசாரித்து எழுது. கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டுமாம். புதன்கிழமைக்குள் வந்தால் ஜெராக்ஸ் போட்டு வைத்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா