சிறுதோட்டக்காரர், கால்நடை வளர்ப்போர் சங்கம், சுங்கை சிப்புட்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிலத்திலும் பட்டியிலும் நாம் செய்வதை எழுதி வைக்க வேண்டும், எழுதியதை ஒருவருக்கொருவர் தெரிவிக்கவும் வேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டீர்கள். செயலவை மாதந்தோறும் கூடியது. தீபாவளி மாதத்தில் மட்டும் கூடவில்லை. குடும்ப தினம், ரத்ததான முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. அவற்றை விட்டு நேரே தீர்மானத்துக்கு வருகிறேன்.

செம்பனைத் தோட்டங்களுக்கான மலேசிய நிலைத்தன்மைச் சான்றிதழான எம்.எஸ்.பி.ஓ. 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். நம்மைப் போன்ற சிறுதோட்டக்காரர்களை செம்பனை எண்ணெய் வாரியம் 'ஸ்போக்' என்ற வட்டாரக் குழுக்களாகச் சேர்த்து அதற்குத் தயார் செய்கிறது. காய்கறிக்காரருக்கும் ஆடு மாடு வளர்ப்பவருக்கும் 2013இல் வந்த மைகேப் என்ற நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் இருக்கிறது. எந்தச் சான்றிதழானாலும் தணிக்கைக்கு வருபவர் முதலில் கேட்பது "பதிவு எங்கே?" என்றுதான். "முப்பது வருஷமா இப்படித்தான் சார் செய்றோம்" என்று நாம் சொல்கிற பதில் பாரத்தில் எந்தக் கட்டத்திலும் ஏறாது.

ஆகவே ஆளுக்கொரு பள்ளி நோட்டு வாங்கிக் கொடுத்தோம். தேதி, என்ன வேலை, எவ்வளவு என்று மூன்றே கட்டம். முதல் மூன்று மாத நோட்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உரம் போட்ட எல்லாருமே "மரத்துக்கு ஒரு மைலோ டின்" என்று எழுதியிருந்தார்கள். யூரியாவும் ஒரு டின், பொட்டாஷும் ஒரு டின்! சங்கத் தராசை எடுத்துவந்து அந்த டின்னிலேயே இரண்டையும் நிறுத்தோம். யூரியா லிட்டருக்கு முக்கால் கிலோ அளவில் நின்றது. பொட்டாஷ் ஒரு கிலோவைத் தாண்டியது. அதாவது, சரிசமமாகப் போடுகிறோம் என்று இத்தனை வருடம் நம்பியது எடையில் சரிசமமே இல்லை. பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர், "இதத்தானேப்பா நான் கைக்கணக்குல பாத்தேன், இது கனம்னு தெரியும்" என்றார். தெரிந்துதான் இருக்கிறது, எழுதவில்லை. இப்போது அவர் டின்னுக்குள் ஆணியால் இரண்டு கோடு கீறி வைத்திருக்கிறார். மேல்கோடு யூரியாவுக்கு, கீழ்க்கோடு பொட்டாஷுக்கு. மரத்தில் சத்து போதுமா என்று பார்க்கும் இலைப் பரிசோதனைக்குப் 17ஆவது மட்டையிலிருந்து இலை எடுப்பார்கள் என்பதையும் அன்றைக்கே காட்டினோம். மட்டையை எண்ணுவதற்குள் சண்டை வந்துவிட்டது.

அடுத்து வருவது என் தவறு. மறைக்க விரும்பவில்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்) நமக்கு இரண்டு குழுக்கள், செம்பனைக்காரருக்கு ஒன்று, மாட்டுக்காரருக்கு ஒன்று. மே மாதத்தில் ஆற்றோரப் பகுதியில் புல்லுக்கு மருந்து அடித்த செய்தியை நான் முதல் குழுவில் மட்டும் போட்டேன். மறுநாள் காலையில் அதே இடத்தில் மாடுகள் மேய்ந்தன. இரண்டு மாட்டுக்குக் கழிச்சல் கண்டது. மருந்தால்தான் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை, ஆனாலும் உறுப்பினர் பாலைக் கீழே ஊற்றினார். மாடு செம்பனைக்குள் மேய்ந்தால் களையெடுக்கும் கூலி மிச்சம், சாணமும் அங்கேயே விழுகிறது. இந்த ஏற்பாடு நிலைக்க வேண்டுமானால் மருந்து அடித்தவரும் மாடு ஓட்டுபவரும் பேசிக்கொள்ள வேண்டும். இப்போது மருந்து அடித்த பகுதியின் நுழைவில் சிவப்புத் துணி கட்டி, அட்டையில் தேதி எழுதுகிறோம். லேபிளில் சொன்ன நாள் கழிந்த பிறகுதான் அவிழ்க்கலாம். குழுக்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். காலை வணக்கப் படங்கள் இரட்டிப்பானதற்கு நான் பொறுப்பல்ல. இன்னொன்று, பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரியிலேயே தடை செய்யப்பட்டது. பழைய டின் யார் கொட்டகையிலாவது இருந்தால் தயவுசெய்து என்னிடம் சொல்லுங்கள்.

எலியைப் பிடிக்கக் கூகை (ஆந்தை) தங்கும் பெட்டி வைக்கும் யோசனைக்கு வீட்டில் பெரியவர்கள் ஒப்பவில்லை. கூகை அலறினால் சாவு என்கிறார்கள். இரண்டு பேர் மட்டும் துணிந்து வைத்தார்கள். பெட்டியடியில் கூகை கக்கிப் போடும் உருண்டையைப் பிரித்தால் எலி மண்டையோடு இருக்கிறது. எண்ணி நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டம் பற்றித்தான் கேள்விகள் அதிகம் வந்தன. 2023இல் இயற்றிய அந்தச் சட்டத்தில் செம்பனை, ரப்பர், மாடு மூன்றும் அடக்கம். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தின் விளைச்சல் அங்கே நுழைய முடியாது. அமலாக்கம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. பழைய பால்மர (ரப்பர்) தோட்டத்தில் செம்பனை நட்டவர் பயப்பட வேண்டாம், அது காடு அல்ல, முன்பே தோட்டம்தான். 4 ஹெக்டருக்குள் செம்பனையோ பால்மரமோ உள்ளவர்கள் நிலம் எங்கே என்று காட்ட எல்லை முழுக்க அளக்க வேண்டியதில்லை, ஓரிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை போதும். தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் நால்வர் கைப்பேசியோடு வந்து பெரும்பாலான நிலங்களுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிஸ்கட்டும் சாயாவும் வாங்கிய செலவு கணக்கில் இருக்கிறது.

நோட்டைத் தொடர்ந்து எழுதுபவர்கள் இன்னும் பாதிப் பேர் இல்லை. எழுத வராதவர்கள் குரல்பதிவு அனுப்பினால் என் மகள் எழுதித் தருகிறாள். "நமக்கு எதுக்குப் பதிவு" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் தொகுதியில் நின்று வென்ற முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, லயத்தில் குடியிருந்த தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தின் ரசீதை வருடக்கணக்கில் பிஸ்கட் டின்னில் பூட்டி வைத்தார்களே, அது பதிவு இல்லையா?

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே படிப்பார். துணைச் செயலாளர் பதவி காலியாக இருக்கிறது, மலாய்ப் பாரம் நிரப்பத் தெரிந்தவர் முன்வந்தால் நல்லது. ஆடு நிறுக்க வேண்டும் என்று சங்கத் தராசை வாங்கிப் போனவர் யாரென்று எனக்குத் தெரியும். அடுத்த உரச் சுற்றுக்கு முன் கொண்டுவந்து விடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்